பின் ஸ்பீக்கரில் இருக்கும் ஆள்

டான்யி எலெமேரைக் கொன்றது போட்ஸா இசைத்தட்டு நிறுவனம். இந்த வரியை முதலில் எழுதினால்தான் மீதியைச் சொல்வேன் என்று நான் கூறியதன் பேரில் துணை ஆய்வாளர் டெல்கெஷ் இதை முதலில் எழுதிக்கொண்டார்.

என் பெயர் வதாஸ் சில்லா. வயது இருபத்தேழு. வஷ்ரேத் நகரம், கொல்லர் தெருவில் உள்ள ஆலைத் தொழிலாளர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நகர மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மணமாகவில்லை. இதற்கு முன் என் மீது வழக்கு எதுவும் இல்லை. போட்ஸா நிறுவனத்தின் உரிமையாளர் செந்த்ரே ஒட்டோகார், நான் அவருடைய ஆண்டுவிழாவில் கருவிகளைச் சேதப்படுத்தியதாகவும் நிறுவனத்தின் மேல் அவதூறு பரப்பியதாகவும் கொடுத்த புகாரின் பேரில் இங்கே அழைக்கப்பட்டேன். யாருடைய கட்டாயமும் இல்லாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

நான் சுற்றொலி இசைத்தட்டுகள் சேகரிப்பவள். அது என்னவென்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். சாதாரணத் தட்டில் இசை முன்னாலிருந்து மட்டும் வரும். சுற்றொலித் தட்டில் பாடுகிறவர்களின் குரலோடு, மண்டபத்தின் பின்பக்கம் வைத்த மைக்குகளில் பதிந்த ஒலியையும் ஊசி ஓடும் அதே பள்ளத்துக்குள் மடித்து வைத்திருப்பார்கள். அதைப் பிரித்துத் தருவதற்கு டீகோடர் என்ற பெட்டியும், உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால் தனி ஸ்பீக்கர்களும் வேண்டும். அவை இல்லாதவர்கள் அந்தத் தட்டைப் போட்டால் நல்ல பாட்டு கேட்கும், அவ்வளவுதான். என்னிடம் இருக்கும் டீகோடர் செத்துப்போன ஒரு பல் டாக்டருடையது. ஸ்பீக்கர்கள் மூடப்பட்ட பள்ளிக்கூடத்தின் ஏலத்தில் எடுத்தவை. தட்டுகளைச் சந்தைகளில் தேடித் தேடி எடுத்தேன். போட்ஸா நிறுவனம் என்னைப் போன்றவர்களை மனதில் வைத்துத் தட்டு போடுவதில்லை.

அந்த நிறுவனம் ஸ்டூடியோவில் பதிவு செய்வதில்லை. மூடப்பட்ட ஆலைகள், காலியான தண்ணீர்த் தொட்டிகள், உப்புக் கிடங்குகள் ஆகியவற்றில் பாடற்குழுக்களை நிறுத்திப் பதிவு செய்யும். ஆலை ஓடியபோது உள்ளே இருந்தவர்களையெல்லாம் வெளியே தள்ளினார்கள், காலியானதும் அதன் எதிரொலியைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இந்த வாக்கியம் வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவை என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இந்தத் தட்டுகளைச் சேகரிப்பவர்களுக்கு ரயில்வே ஊழியர் மன்றத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் கூடுவோம். ஓய்வுபெற்ற பொறியாளர்கள், பல் டாக்டர்கள், ஒரு நோட்டரி ஆகியோர் உறுப்பினர்கள். அறையின் நடுவில் ஒரே ஒரு நாற்காலி இருக்கும். எல்லா ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்பதால் தரையில் சாக்பீஸால் குறியிட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராக அதில் உட்கார்ந்து கேட்போம். மற்றவர்கள் சுவரோரம் நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். சங்கத் தலைவர் காஷ்பார் மாமா ரயில் எஞ்சின் வடிவமைப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் உள்ளே வரும்போதெல்லாம், "சலவைக்காரப் பொண்ணு வந்தாச்சு, அழுக்குத் தட்டையெல்லாம் எடுத்து வைங்கப்பா" என்பார். "கஞ்சி போட்டு இஸ்திரியும் பண்ணித் தர்றேன் மாமா, பள்ளமெல்லாம் தட்டையாயிடும், பரவாயில்லையா?" என்று நான் சொல்வேன். ஸ்பீக்கர்களைக் கட்டுவது, வயர் இழுப்பது, கடைசியில் சுருட்டி வைப்பது எல்லாம் அங்கே என் வேலை. அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சென்ற ஆண்டு போட்ஸா, எங்கள் ஊர்ப் பழைய எஃகு ஆலையின் வார்ப்பு மண்டபத்தில் பெண்கள் பாடற்குழு ஒன்றையும் பித்தளைக் குழல் வாசிப்பவர்களையும் வைத்துப் பதிவு செய்த தட்டு ஒன்றை வெளியிட்டது. அதன் பெயரும் 'வார்ப்பு மண்டபம்' என்பதே. பிற்பகலில், ஒரே மூச்சில், எங்கும் வெட்டாமல் ஒட்டாமல் பதிவு செய்தது என்று உறையிலேயே பெருமையாக அச்சடித்திருந்தார்கள். முதல் பதிப்பை வாங்கச் சேகரிப்பவர்கள் முண்டியடித்தார்கள். காஷ்பார் மாமா அதை முதலில் போட்டபோது, "கேளுங்க, குழல் உச்சத்துக்குப் போறப்ப பின்னாடி ஹாலே மூச்சு விடுது" என்றார். அதன் பிறகு அந்த இடம் வரும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வது வழக்கமாயிற்று. நானும் மூடியிருக்கிறேன்.

இனி டான்யி எலெமேரைப் பற்றி. அவர் அந்த ஆலையிலேயே வார்ப்புப் பிரிவில் இருந்தவர். ஆலை மூடிய பின் கிடைத்த கூலி வேலைக்குப் போனார். மண்டபத்தின் உயரத்தில், பழைய கிரேன் ஓடிய மரப்பலகை நடைபாதை இருக்கிறது. பின் மைக்குகளை அங்கேயிருந்துதான் தொங்கவிட வேண்டும், பதிவு முடியும்வரை ஒருவர் மேலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஏறத் தெரிந்தவர் என்பதால் போட்ஸா அவரைப் பதிவு நாட்களில் கூப்பிடும், காகிதம் எதுவும் இல்லாமல். அந்தப் பதிவு நடந்த மறுநாள் விடிந்ததும் நடைபாதைக்கு நேர் கீழே மணல் குழியில் அவர் உடல் கிடந்தது. எலெமேரை மதியமே அனுப்பிவிட்டோம், ராத்திரி செப்புக் கம்பி அறுக்கத் திரும்பி வந்து விழுந்திருக்கிறார் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அவர் பையில் ஒரு இடுக்கியும் கம்பிச் சுருளும் இருந்தன. மைக் கட்டுகிறவர் பையில் அதுதான் இருக்கும். அவர் ரோமா இனத்தவர், ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் சந்தேகப்படும் இனம், செங்கல்சூளைத் தெருவில் குடியிருந்தவர். அதற்கு மேல் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. இந்த நிலையத்தின் கோப்பில் இன்றுவரை அவர் திருடும்போது விழுந்து இறந்தவர். நிறுவனம் சொன்னதை நானும் அப்போது நம்பினேன்.

அவர் மனைவி யோலான் அக்கா என்னோடு சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிப்போம். எலெமேர் இறந்த பிறகு வேலை செய்கிற பெண்கள் சிலர் தங்கள் பைகளைப் பூட்டி வைக்க ஆரம்பித்தார்கள். யோலான் அக்கா அதைப் பார்த்தார். தன்னுடைய பையை மட்டும் திறந்தபடி மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். தினமும் அப்படித்தான் வைத்தார்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யோலான் அக்கா பொகாச்சா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என் அறையிலும் நடுவில் ஒரே நாற்காலிதான். அதில் உட்காரச் சொன்னேன். அது உன் நாற்காலி என்று சொல்லிவிட்டு அவர் பின்சுவரோரம், இடது பின் ஸ்பீக்கருக்கு அடியில் இருந்த, செருப்பு வைக்கும் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் 'வார்ப்பு மண்டபம்' உறையில் இருந்த படத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இது அவரு ஏறின எடந்தானே, சில்லா? போடு."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். போடு என்றார். போட்டேன்.

பாட்டின் பாதியில் குழல்கள் உச்சத்துக்குப் போய் ஹால் மூச்சு விடுவதாக எல்லோரும் சொல்லும் இடம் வந்தது. வழக்கம்போல நான் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தபோது யோலான் அக்கா எழுந்து நின்று, ஸ்பீக்கரின் துணியில் காதை அழுத்தி வைத்திருந்தார். கையில் இருந்த பொகாச்சா நசுங்கிப் போயிருந்தது.

"ரெண்டு சின்னதா இருமிட்டு அப்புறம் தொண்டையைச் செருமுறது," என்றார். "இது அவரு."

மண்டபத்தில் யாரோ இருமியிருக்கலாம் என்றேன். வார்ப்புப் பிரிவுத் தூசி தின்ற நெஞ்சு அது, பக்கத்தில் படுத்து இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று கேட்டார். அதன் பிறகு நான் முன் ஸ்பீக்கர்களின் வயரைக் கழற்றினேன். பின் ஒலி மட்டும் வரும்படி செய்துவிட்டு ஊசியை மறுபடி தொடக்கத்தில் வைத்தேன். முன்பக்க இசை, சுவருக்கு அப்பால் நடப்பது போல மெலிந்து போயிற்று. நாங்கள் இருவரும் செருப்புப் பெட்டியின் மேல் நெருக்கி உட்கார்ந்து கேட்டோம்.

கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன். குழல்கள் முதல்முறை முழு பலத்தோடு எழும் இடத்தில் மரம் ஒடிகிறது. அதற்கு அடுத்து, கனமான ஏதோ மணலில் விழுகிறது. மைக் கொஞ்ச நேரம் ஊஞ்சல் போல ஆடுகிறது. அதன் பிறகு பெண்கள் மெதுவாகப் பாடும் பகுதி வருகிறது. அதில் ஒன்றுமே இல்லை. அடுத்து அவர்கள் குரலை உயர்த்தும்போது இருமல். மெதுவான பகுதியில் மறுபடி ஒன்றும் இல்லை. அடுத்த உச்சத்தில் இருமலும் முனகலும். பாட்டு அடங்கும்போது அவரும் அடங்குகிறார். அவர் ஒலி கேட்பதெல்லாம் பாட்டு சத்தமாக இருக்கும் இடங்களில் மட்டும்தான். அதனால்தான் நடு நாற்காலியில் உட்கார்ந்த எங்களில் ஒருவருக்கும் அது மனிதன் என்று தெரியவில்லை.

ஏன் அப்படி என்பதை யோலான் அக்காதான் சொன்னார். பதிவு நடக்கும்போது சிவப்பு விளக்கு எரியும். அது எரியும்வரை யாரும் எச்சில்கூட விழுங்கக் கூடாது. முன்பு ஒரு பதிவில் தும்மிய ஒருவனை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். அவன் இடத்துக்குத்தான் எலெமேர் போனார். இருமலை அடக்கவே முடியாவிட்டால் பாட்டு சத்தமாகும் இடத்துக்குக் காத்திருந்து அங்கே இருமிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் அதை வீட்டில் வேடிக்கையாகச் செய்து காட்டுவாராம். யோலான் அக்கா பாத்திரம் தேய்க்கும்போது பாட்டை இழுத்துப் பாடினால், சரியாக உச்சத்தில் மட்டும் இருமுவாராம்.

துணை ஆய்வாளர் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கீழ விழுந்து கெடக்கிறவன் கத்த மாட்டானா? என்னம்மா கதை விடுறே?" என்று கேட்டார்.

"கத்தினா வேலை போயிடும்னு தெரிஞ்சவன் கத்த மாட்டான் சார்," என்றேன். எலெமேர் சிவப்பு விளக்கு அணையட்டும் என்று காத்திருந்தார். இதுதான் நடந்தது.

பாட்டின் கடைசியில் எல்லாக் குரலும் எல்லாக் குழலும் ஒன்றாக எழுகின்றன. அதற்கு அடியில் அவர் "யோலி" என்கிறார். வீட்டில் கூப்பிடும் பெயர். அதன் பிறகு பின்சுவரோரமாகக் காலடி ஓசை வந்து நிற்கிறது. ஒரு இளைய குரல் ஏதோ கேட்கிறது, புரியவில்லை. இன்னொரு ஆணின் குரல் தாழ்ந்து, பொறுமையாக, ஒரே சொல் சொல்கிறது: "முடியட்டும்." பாட்டின் கடைசி ஒலி நீண்டு தேய்கிறது. தட்டு முடிகிறது.

அதன் பிறகு யோலான் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். அவர் வீட்டில் எலெமேரின் குரல் எதிலும் பதிவாகி இருக்கவில்லை. கல்யாணத்தில்கூட யாரும் எடுக்கவில்லை. வருவார், செருப்புப் பெட்டியில் உட்கார்வார், போடு என்பார். மெதுவான பகுதிகள் வரும்போது அவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நான் அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மற்ற நாட்களில் அந்த ஸ்பீக்கரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அதன் பிறகு வேறு எந்தத் தட்டைப் போட்டாலும், பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நான் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். பேருந்திலும் கடைசி இருக்கையில், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாதபடி உட்கார்கிறேன்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் போட்ஸா அலுவலகத்துக்குப் போனோம். திருடன் என்று எழுதிக் கொடுத்ததை நிறுவனமே திரும்பப் பெற வேண்டும் என்று கேட்பதற்காகப் போனோம். வேறு எதற்காகவும் போகவில்லை. செந்த்ரே ஒட்டோகார் அறைக்குள் புதிய பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களை உள்ளே விட்டார்கள். அவர் முகத்தைத் திருப்பவில்லை. யோலான் அக்கா, "ஐயா, நான் எலெமேரோட சம்சாரம்" என்று ஆரம்பித்தார். ஒட்டோகார் கையை உயர்த்தினார். "முடியட்டும்" என்றார்.

யோலான் அக்கா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அதே தாழ்ந்த, அவசரமில்லாத குரல். அந்தப் பாட்டு முடியும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

முடிந்த பிறகு அவர் நன்றாகத்தான் பேசினார். நடந்தது வருத்தத்துக்குரியது என்றார். எலெமேர் கைத்திறன் உள்ளவர் என்றார். மதியமே அனுப்பியதுதான் உண்மை என்றார். அப்படியானால் பிற்பகல் பதிவில் அவர் எப்படி இருமுகிறார் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"காலி ஹால்ல ஒரு மணி நேரம் உக்காந்து கேளும்மா, செத்துப்போன தாத்தாகூட இருமுவாரு. காது கேக்க ஆசப்படுறதத்தான் கேக்கும்."

"எனக்கு அவரு இருமுறதைக் கேக்க ஆச இல்லீங்க," என்றார் யோலான் அக்கா. "இருமாம இருந்திருந்தா அது அவரு இல்லன்னு வீட்டுக்குப் போயிருப்பேன்."

ஒட்டோகார் என் பக்கம் திரும்பி, நீ சங்கத்துப் பெண்தானே, தீர்ந்துபோன முதல் பதிப்புகள் சில எங்களிடம் இருக்கின்றன, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லி ஒரு அலமாரியைத் திறந்தார். அந்த அலமாரியில் நான் பல வருடங்களாகத் தேடிய தட்டுகள் இருந்தன. நான் எதையும் தொடவில்லை. வெளியே வந்தோம். படியில் யோலான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சங்கத்து ஆட்களுக்கு இதைக் கேட்க வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு போட்ஸாவின் ஆண்டுவிழா ரயில்வே ஊழியர் மன்றத்தில் நடந்தது. நிறுவனம் கருவிகளை அனுப்பியிருந்தது. வழக்கம்போல வயர் கட்டும் வேலை எனக்கு. ஊரின் துணை மேயரும் வந்திருந்தார். ஒட்டோகார் 'வார்ப்பு மண்டபம்' தட்டைப் பற்றிப் பேசினார். செத்த ஆலைக்கு நாங்கள் உயிர் கொடுத்தோம் என்றார். கை தட்டினார்கள். அவர் ஊசியை வைத்த பிறகு நான் முன் ஸ்பீக்கர்களுக்குப் போகும் இரண்டு வயர்களைக் கழற்றினேன். பின் ஸ்பீக்கர்களின் ஒலியை முழுதாகக் கூட்டினேன். நான் செய்தது இவ்வளவுதான். கழற்றிய வயரைத் திரும்பச் செருகினால் முன்போலவே வேலை செய்யும். புகாரில் கருவிகள் சேதம் என்று இருக்கிறது. சேதமான ஒரு பொருளைக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் எல்லோரும் கோளாறு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். மரம் ஒடிந்தது. மணலில் விழுந்தது. முதல் இருமல் வந்தபோது காஷ்பார் மாமா, "ஹாலோட மூச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். இரண்டாவது இருமலில் மூடியிருந்த கண்ணைத் திறந்தார். யோலான் அக்கா கதவோரம், வேலைக்கு வரும் நீலக் கோட்டோடு நின்றிருந்தார். 'யோலி' என்ற குரல் வந்தபோது அரங்கத்தில் ஒருவர்கூட அசையவில்லை. அதற்கு அடுத்த சொல் வருவதற்குள் ஒட்டோகார் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். தட்டு சுற்றிக்கொண்டே மெதுவாக நின்றது. "மன்னிக்கணும், நம்ம சலவைக்காரப் பொண்ணுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல" என்று அவர் சபைக்குச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். யோலான் அக்காவை வாசல் காவலாளிகள் வெளியே கொண்டுபோனார்கள். அவர் எதிர்க்கவில்லை. அவர் தோளைப் பிடித்திருந்த ஆளிடம், முழுசாக் கேக்க விடலியே தம்பி என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சபையில் இருந்த யாரும் அதன் பிறகு இந்த நிலையத்துக்கு வந்து தாங்கள் கேட்டதைச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையே அந்தத் தட்டுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. 'ஆள் இருக்கும் பதிப்பு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் நிறுவனம் அந்த இடங்களை அமுக்கிவிட்டது என்பதால், முதல் பதிப்பு இருப்பவர்கள் அதைத் துணியில் சுற்றி வைக்கிறார்கள். காஷ்பார் மாமா என்னைத் தெருவில் நிறுத்தி, "உன்னோட காப்பி சுத்தமா இருக்கும்ல? நீதான் நல்லாத் தொடச்சு வைப்பியே. குடுக்கிறதா இருந்தா மொதல்ல எங்கிட்டச் சொல்லும்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவராக இல்லாமலே அப்படிக் கேட்டார்.

அதன் பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வந்து என்னுடைய தட்டைக் கைப்பற்றினீர்கள். சென்ற வாரம் நிபுணர் அறிக்கை வந்தது. 'தட்டு முழுவதும் கவனமாகக் கேட்கப்பட்டது, இசையைத் தவிர வேறு மனித ஒலி எதுவும் இல்லை' என்று அதில் இருக்கிறது. இன்று இந்த அறைக்குள் வந்தபோதுதான் அவர் எதில் கேட்டார் என்பதைப் பார்த்தேன். அலமாரி மேல் இருக்கும் அந்தப் பெட்டிப் பிளேயர். அதற்கு ஒரே ஒரு ஸ்பீக்கர். துணை ஆய்வாளர் எனக்காக அதிலேயே தட்டைப் போட்டும் காட்டினார். நிபுணர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. மரம் ஒடியவில்லை. யாரும் இருமவில்லை. நான் பெட்டிக்குக் கிட்டப் போய்க் காது வைத்தும் கேட்டேன்.

அது ஏன் என்று சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சுற்றொலித் தட்டில் பின் ஒலியைப் பள்ளத்தின் வலது சுவரில் ஒரு விதமாகவும் இடது சுவரில் அதற்கு நேர் எதிராகவும் வைத்திருப்பார்கள். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். அந்த வேறுபாட்டைப் பிடித்துத்தான் டீகோடர் இது பின்னால் இருப்பது என்று கண்டுபிடிக்கிறது. இரண்டு சுவர்களின் ஒலியையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரில் கொட்டினால் அந்தத் தள்ளலும் இழுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. குழல்களுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் இருப்பவர் மட்டும் இல்லாமல் போவார். உங்கள் பெட்டியில் எலெமேர் அந்த மண்டபத்துக்கு வரவே இல்லை. மதியமே போய்விட்டார்.

இதைக் கேட்டுவிட்டு துணை ஆய்வாளர், "இந்த ஸ்டேஷன்ல இருக்கிறது இதுதான்மா. உங்க ஆளுக்காகப் புதுசா வாங்கித் தரச் சொல்றியா?" என்றார். என் வீட்டில் இருக்கிறது, வண்டி அனுப்புங்கள், நானே கட்டித் தருகிறேன் என்றேன். வயர் கட்டியதற்காகத்தான் நீ இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றார்.

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. சொன்னது மாறாமல் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கேட்ட காதும் சொன்ன வாயும் என்னுடையவை. கையெழுத்துக்கு முன் என் கோரிக்கையை என் கைப்பட எழுத அனுமதி கேட்டேன், கொடுக்கப்பட்டது.

தட்டில் கடைசி ஒலி தேய்ந்து மறைவது நிறுவனம் கையால் குறைத்த ஒலி. பதிவு செய்த மூல டேப் அங்கே முடிவதில்லை. மண்டபத்தின் எதிரொலி முழுதாக அடங்கி, சிவப்பு விளக்கு அணைக்கப்பட்டு, ஆட்கள் பேசத் தொடங்கும்வரை போட்ஸா டேப்பை ஓடவிடும். இதை ஒட்டோகாரே பல மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். விளக்கு அணைந்ததும் ஒரு மனிதர் தாராளமாகக் கத்தலாம். எலெமேர் கத்தினாரா, கத்தியபோது யார் கிட்டே போனார்கள், யார் போகவில்லை என்பது அந்த டேப்பில் இருக்கிறது. தட்டுகளும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். போட்ஸா நிறுவனத்திலிருந்து அந்த மூல டேப்பைக் கைப்பற்றுங்கள். யோலான் அக்காவை உட்காரவைத்து, முடிகிற இடத்தைத் தாண்டி ஓடவிடுங்கள்.

எப்போது கைப்பற்றுவீர்கள் என்று துணை ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி கேட்டேன். பதிலுக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

பதில்:



(ஒப்பம்) வதாஸ் சில்லா